ஆறாயியும் பெயரில்லா அட்டையும்

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில், தையற்கடைக்கும் போட்டோகொப்பிக் கடைக்கும் நடுவே ஆறாயியின் கடை இருந்தது. பலகையில் ‘ஆறாயி கொம்பியூட்டர்ஸ்’ என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. பலகை எழுத வந்தவர் தூரிகையைக் கையில் எடுத்த பிறகும் தயங்கினார்.

“அரோ கொம்பியூட்டர்ஸ்ன்னு போட்டா எடுப்பா இருக்கும் தங்கச்சி. இது தோட்டத்துப் பேரு மாதிரி இருக்கே.”

“தோட்டத்துப் பேருதான். நானும் தோட்டந்தான். எழுதுங்க,” என்றாள் ஆறாயி.

அவள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பதினாறு வயதில் அக்காள் வீட்டுக்குக் கொழும்புக்கு வந்து, சாமான் இறக்குமதி செய்யும் கம்பனியொன்றில் பெட்டி உடைக்கும் வேலையில் சேர்ந்தாள். பெட்டிகளுக்குள் அப்போதுதான் கொம்பியூட்டர்கள் வரத் தொடங்கியிருந்தன. அவற்றின் பாகங்களைப் பூட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் பறந்துகொண்டிருந்ததால், பெட்டி உடைத்தவள் பூட்டவும் பழகினாள். பிறகு பின்னேர வகுப்புக்குப் போய் டிப்ளோமாவும் எடுத்தாள். கம்பனியில் அவளுக்குப் பிறகு சேர்ந்தவர்களெல்லாம் சுப்பர்வைசர் ஆனபோது, ஒருநாள் திருப்புளிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கல்யாணப் பேச்சுகள் வந்தன. “கடையை மூடினாத்தான்” என்று சொன்ன மாப்பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள். முப்பத்தைந்து வயதில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கடையும், மேல்மாடியில் ஓர் அறையும், யாரிடமும் தலை சொறியாத குணமும்தான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலம். தில்லைநாதன் என்பவர் வெள்ளவத்தையிலிருந்து முச்சக்கர வண்டியில் ஒரு பழைய கொம்பியூட்டரைக் கொண்டு வந்து இறக்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ்களை வெளிநாடு போகிறவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது அவருடைய தொழில். மூடப்பட்ட ஏதோ அலுவலகத்தின் பழைய தளபாடங்களோடு இதையும் ஏலத்தில் எடுத்திருந்தார்.

“இஞ்சை திருத்திறவர் ஆர்?” என்று கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“நான்தாங்க.”

“இல்லை, திருத்திற ஆள்...”

“அதான் சொன்னேனே. நான்தான். பெட்டியை மேசையில வைங்க.”

அவர் நம்பிக்கையில்லாமல் வைத்தார். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருந்த கடைகளில், இதை மியூசியத்தில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். இரும்புப் பெட்டி, தூக்கினால் இடுப்பு முறியும் பாரம், பத்துப் பதினைந்து வயதாவது இருக்கும். மின்சாரம் கொடுக்கும் பகுதி செத்துப்போயிருந்தது. ஆறாயி அதை மாற்றினாள். திரை பச்சையாக மின்னி எழுந்தபோது தில்லைநாதனின் முகமும் மலர்ந்தது. ஆனால் ஆறாயியின் கண் வேறோர் இடத்தில் நின்றது.

இந்த மாதிரிப் பழைய பெட்டிகளில், புதிய வேலைகளைச் செய்விப்பதற்காக மேலதிக அட்டைகளைச் செருகுவதற்கு வரிசையாக இடம் விட்டிருப்பார்கள். திரைக்கு ஒரு அட்டை, பிரின்டருக்கு ஒரு அட்டை என்று எல்லாவற்றையும் பார்த்தவுடனே அவளுக்குத் தெரியும். இந்தப் பெட்டியின் கடைசி இடத்தில் இருந்தது மட்டும் என்னவென்று தெரியவில்லை. பெட்டியின் முழு நீளத்துக்கும் போகும் பெரிய அட்டை. செய்தவர் பெயர் இல்லை. சிப்புகள் மேல் ஒட்டியிருந்த காகிதங்கள் கிழிந்திருந்தன. பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் இடத்தில், டீவி ஏரியல் மாட்டுவது போன்ற வட்ட வாய் ஒன்று இருந்தது.

“இது என்னாங்க ஐயா?”

“எனக்கென்ன தெரியும்? உள்ளுக்கை இருந்தது.”

“வச்சிட்டுப் போங்களேன். என்னான்னு பாத்துட்டுத் தாறேன்.”

“வேண்டாம் பிள்ளை. வந்த மாதிரியே தாரும்,” என்றார் தில்லைநாதன். ஒரு பாகத்தைக் கழற்றி எடுத்துவிடுவாளோ என்ற சந்தேகம் குரலில் தெளிவாகவே தெரிந்தது. ஆறாயி அட்டையை இருந்த இடத்திலேயே விட்டு மூடி, எல்லாப் பெட்டிகளுக்கும் ஒட்டுவது போல் தன் கடைப் பெயரும் தொலைபேசி இலக்கமும் உள்ள ஸ்டிக்கரைப் பின்பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தாள்.

சில வாரங்களில் நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. மறுநாள் காலையிலேயே வெள்ளவத்தையின் ஒழுங்கைகளை வளைத்துச் சோதனை நடந்தது. தில்லைநாதனின் வீட்டு முன்னறைக்குள் வந்த பொலிஸ்காரர்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள், வீட்டில் தங்கியிருப்பவர்களின் பொலிஸ் பதிவைப் பார்த்தார்கள், அலுமாரியைக் கிளறினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. போகிற போக்கில் ஒருவன் கொம்பியூட்டரைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் பார்த்தான். வட்ட வாயில் விரலை வைத்து, ஏரியல் எங்கே என்று கேட்டான்.

தில்லைநாதன் பயந்த சுபாவம். முதலில் டீவிக்கு என்றார். டீவி எங்கே என்று கேட்டதும், பிரின்டருக்காக இருக்கலாம் என்றார். கடைசியில் உண்மையைச் சொன்னார்: தெரியாது. தன் வீட்டுக்குள் இருக்கும் பொருள் இன்னதென்று தனக்கே தெரியாது என்று ஒரு தமிழன் சொல்வது, அந்த நாட்களில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். ஜீப்பில் அவரையும் ஏற்றினார்கள், பெட்டியையும் ஏற்றினார்கள்.

அவருடைய மனைவி பத்மாவதி அன்றைக்கே கொட்டாஞ்சேனைக்கு வந்தார். சேலையின் ஒரு பக்கம் கசங்கியிருந்தது, செருப்பை மாற்றிப் போட்டிருந்தார்.

“பிள்ளை, இவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிறது வயர்லெஸ்ஸாம். இவர் செய்தி அனுப்பிறவராம். இரவிலை பாத்ரூமுக்குப் போகவே பயப்பிடுற மனுசன், பிள்ளை!”

ஆறாயி அவரை உட்காரவைத்தாள். பக்கத்துப் போட்டோகொப்பிக் கடை ஜவாஹிறா, சத்தம் கேட்டு ஒரு கோப்பை பிளேன்டீயோடு வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பத்மாவதி வழக்கறிஞரைத் தேடிப் புறப்பட்டதும் ஜவாஹிறா ஆறாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மெய்யா சொல்லுறேன், நீங்க இன்னைக்கே ஊருக்குப் போயிடுங்க. அந்தப் பெட்டியில ஒங்கட ஸ்டிக்கர் ஈக்குது. நாளைக்கு இங்க வருவாங்க. கடைய நான் பாத்துக்குறேன்.”

“நான் ஓடினா, ஓடினவன்னு எழுதுவாங்க. ஜவாஹிறா, நான் என்னா செஞ்சேன்? மிஷின் ரிப்பெயர் செஞ்சேன். அதுக்கு எதுக்கு ஊருக்குப் போகணும்?”

“அப்ப என்னதான் செய்யப் போறீங்க?”

“அவங்க வந்து என்னையக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நானே போறேன்.”

ஜவாஹிறா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் ஆறாயி புறப்பட்டபோது, தன் கடையையும் இழுத்து மூடிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூடவே பஸ் ஏறினாள். பொலிஸ் நிலையத்தின் உள்ளே வரவில்லை. வாசலுக்கு எதிரே, வெயிலில், கேட்டைப் பார்த்தபடி நின்றாள். யார் உள்ளே போனார் என்பதற்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும் என்று அவளாகவே தீர்மானித்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் கடுமையான மனிதர் இல்லை, களைத்த மனிதர். சிங்களத்தில்தான் பேசினார். ஆறாயியின் சிங்களம் கொட்டாஞ்சேனைச் சந்தையில் பழகியது. இலக்கணம் தடுக்கும், தைரியம் தடுக்காது.

“நங்கி, நீங்களாக வந்தது நல்லது. ஊர் எது?” என்று தங்கச்சி முறை வைத்துத் தொடங்கினார்.

“பொகவந்தலாவை.”

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். “தோட்டத்து ஆள். அப்படியென்றால் உனக்கு இந்தப் பிரச்சினையில் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாழ்ப்பாணத்து ஆட்களோடு நீங்கள் பெண் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. அவர்கள் உங்களை வீட்டுக்குள்ளே எடுக்கிறார்களா, சொல்லு பார்ப்போம்?”

தில்லைநாதன் கடை வாசலில் நின்று ‘திருத்திற ஆள்’ எங்கே என்று கேட்டது ஆறாயிக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

“ஒரு சின்ன வாக்குமூலம் கொடு,” என்று இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில் தொடர்ந்தார். “நீ திருத்தியபோது அந்த அட்டை பெட்டிக்குள்ளே இருக்கவில்லை. பிறகுதான் அவர் போட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். கையெழுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போ. உன்னை இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.”

வெளியே போகும் கதவு திறந்தே இருந்தது. அதற்கப்பால் ஜவாஹிறாவின் கறுப்பு முக்காடு தெரிந்தது. பயம் இல்லை என்று ஆறாயி பின்னால் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை.

“இருந்தது சேர்,” என்றாள். “நான் திறந்தப்ப அந்த அட்டை அதுல இருந்தது. ஏலத்துல எடுத்தப்பவே இருந்தது. அந்த ஐயா அதைக் கண்ணால பாத்ததே என் கடையிலதான்.”

“அப்படியென்றால் நீயும் இதற்குள் வருகிறாய். தெரியுமா?”

“தெரியும். ஆனா இல்லாததை எழுதிக் கையெழுத்து வைக்க மாட்டேன். தோட்டத்து ஆளுன்னா பொய் சொல்லுறது லேசுன்னு நெனைச்சீங்களா?”

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. பக்கத்து மேசைக் கொன்ஸ்தாபிள் எழுதுவதை நிறுத்தினான்.

“எனக்கு அந்த அட்டையைப் பாக்கணும்,” என்றாள் ஆறாயி. “அது வயர்லெஸ்ஸா இல்லையான்னு சொல்லுறேன். வயர்லெஸ்ஸா இருந்தா அதையும் சொல்லுவேன்.”

“இங்கே கேள்வி கேட்பது நான். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவேன், கடையில் இருக்க வேண்டும். போ.”

அவளைப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் கடைக்கு வந்து போகும் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைகளை ஒழுங்கை முனையில் வாங்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் கடைக்கு ஆள் வரத்து நின்றுபோயிற்று. வீட்டுச் சொந்தக்காரர் ஆள் விட்டுக் கேட்டார், வேறு இடம் பார்க்கிறாயா என்று. “ஒப்பந்தம் முடியட்டும், பாக்கலாம்” என்று பதில் போயிற்று. ஒரு வேலையும் இல்லாத அந்த நாட்களிலும் ஆறாயி காலையில் கதவு திறந்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, வீதியில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

இதற்கிடையில் பத்மாவதி, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் பாலசுந்தரம் என்ற வழக்கறிஞரைப் பிடித்திருந்தார். இப்படிப்பட்ட வழக்குகளாகவே பார்த்துப் பார்த்து நம்பிக்கையைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகியவர் அவர். பகுப்பாய்வுக்கு அனுப்பினால் அறிக்கை வர மாதக்கணக்காகும் என்றும், அதுவரை தில்லைநாதன் உள்ளேதான் என்றும் பத்மாவதியிடம் ஒளிக்காமல் சொன்னார். ஆறாயி நேரில் போய், அட்டையை எல்லோர் முன்னிலையிலும் சோதிக்க வேண்டும் என்று கேட்டபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கேட்டுப் பாக்கலாம். ஆனா ஒண்டு யோசியுங்கோ. நீங்கள் பாத்து, அது என்னெண்டு உங்களுக்கே விளங்கேல்லை எண்டால்? அது அவருக்கு இன்னும் கூடாது. உங்களுக்கும் கூடாது.”

“விளங்காம விட மாட்டேன் சேர்.”

பாலசுந்தரம் நீதவானிடம் கேட்டார். பொலிஸ் தொழில்நுட்பப் பிரிவின் அதிகாரி ஒருவர் நடத்தும் சோதனையில் ஆறாயியும் கூட இருக்கலாம் என்று உத்தரவு கிடைத்தது. பாலசுந்தரத்துக்கே அது ஆச்சரியம்.

சோதனை பொலிஸ் நிலையத்தின் பின்னறையில் ஒரு முற்பகலில் நடந்தது. தொழில்நுட்ப அதிகாரி ரணவீர இளைஞர். இலத்திரனியல் படித்தவர், பேச்சில் மரியாதை இருந்தது. அட்டையில் அலைவு எழுப்பும் சிறிய படிகமும் வெளியே வட்ட வாயும் இருப்பதைப் பார்த்துவிட்டு, ‘தொடர்புக் கருவியாக இருக்கலாம்’ என்று முதல் நாள் குறிப்பு எழுதியவர் அவர்தான். இன்ஸ்பெக்டர் கதவோரம் கதிரை போட்டு உட்கார்ந்தார். பாலசுந்தரம் சுவரோரம். தில்லைநாதனையும் கொண்டுவந்து ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். தாடி வளர்ந்து, சட்டைக் கழுத்து அகன்று, வேறு யாரோ போல இருந்தார். ஆறாயியைப் பார்த்தும் பார்க்காதது போல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆறாயியைத் தன் பையிலிருந்து எதையும் எடுக்க விடவில்லை, திருப்புளிகூட ரணவீரவுடையதுதான். அவர் அட்டையைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தார்.

“முதல்ல இந்த வாயிலருந்து வருவோம்,” என்றாள் அவள். “இது எங்க போகுதுன்னு பாக்கலாம்.”

அட்டையின் முதுகில் ஓடும் மெல்லிய செப்புக்கோட்டை, கண்ணாலும் மீட்டரின் ‘பீப்’ ஒலியாலும் இருவருமாகப் பின்தொடர்ந்தார்கள். அவள் இடத்தைச் சொன்னாள். ரணவீர ஊசி முனையை வைத்தார். சில இடங்களில் அவர் முந்திக்கொண்டார். கோடு ஒரு சிறிய தடையைத் தாண்டி, திரைக்குப் படம் அனுப்பும் சிப்பில் போய் முடிந்தது. வேறெங்கும் கிளைக்கவில்லை.

“கம்பிச் சுருள் எங்க இருக்கு?” என்று கேட்டாள் ஆறாயி. “அலையை வெளிய தள்ளுற பெரிய டிரான்சிஸ்டர் எங்க? சூடு இறங்குற தகடு எங்க?”

ரணவீர நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். “நான் முதலில் எழுதியது சரியில்லை சேர். இதில் அலைபரப்பும் பகுதி இல்லை. படிகம் இருப்பது சிப்புகளின் வேலைக்கு நேரம் கணக்கிட மட்டும்.”

தில்லைநாதன் தலை நிமிர்ந்தார். ஆனால் இன்ஸ்பெக்டர் கதிரையை விட்டு அசையவில்லை.

“இது எது இல்லை என்று சொல்கிறீர்கள். நல்லது. இது என்ன என்று எனக்கு யார் சொல்வது? பெயர் இல்லை. ஊர் இல்லை. சிப்பில் இருந்த காகிதத்தை யாரோ கிழித்திருக்கிறார்கள். இதை நான் என் மேலதிகாரிக்கு என்னவென்று எழுதுவது?” அவர் ஆறாயியைப் பார்த்தார். “சொல்லு. இது என்ன?”

தில்லைநாதனை இங்கே கொண்டுவந்த அதே கேள்வி.

“இன்னும் தெரியாது,” என்றாள் ஆறாயி, முதல் சொல்லை அழுத்தி. “பெட்டிக்குள்ள திரும்பப் போடுங்க. கரண்டு குடுத்துப் பாப்போம்.”

பெட்டி உயிர் பெற்றது. இந்த அட்டையில் இருந்த பெரிய சிப்பு, அழியாத நினைவைத் தாங்கும் வகை. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கொம்பியூட்டரைக் கொண்டே வாசிக்கலாம். ரணவீர தன் டிஸ்கைப் போட்டு, நினைவகத்தைப் பக்கம் பக்கமாகத் திரையில் கொண்டுவந்தார். ஒன்றும் இல்லாத இடங்களில் ஒரே குறி வரிசை வரிசையாக ஓடிற்று. அப்புறம் திடீரென்று திரை நிறைய எண்கள். வலது பக்கத்தில், எழுத்தாக மாற்றிக் காட்டும் இடத்தில், செய்த கம்பனியின் பெயராவது கிடைக்கும் என்று ஆறாயி எதிர்பார்த்திருந்தாள். ஒரு சொல்கூட இல்லை. புள்ளிகளும் கீறல்களும் சிரிக்கும் முகங்களும் சீட்டுக்கட்டுக் குறிகளுமாக ஒரே குப்பை.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். “சங்கேதம்,” என்றார்.

ரணவீர உதட்டைக் கடித்தார். பாலசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். வாங்கிலிருந்து தில்லைநாதனின் மெல்லிய குரல் முதன்முறையாக வந்தது.

“காணும் பிள்ளை. விடும். நீர் உம்முடைய பாட்டைப் பாரும்.”

அந்த வார்த்தைதான் ஆறாயிக்கு எரிச்சலை மூட்டியது. “நீங்க கொஞ்சம் சும்மா இருங்க ஐயா. நான் வேலை செய்றேன்ல?”

அவள் திரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள். எண்களைப் படிக்கவில்லை, சேலைக் கரையைப் பார்ப்பது போல, ஒரு மாதிரி திரும்பி வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. சில பூச்சியங்கள், பிறகு பல எண்கள், பிறகு மறுபடி பூச்சியங்கள். சம அளவுத் துண்டு துண்டாக வந்துகொண்டே இருந்தது. சங்கேதத்தில் மேலும் கீழும் இப்படி ஒழுங்காக வெற்றிடம் விடுவார்களா? மேலும் கீழும் இடம் விட்டு எழுதுவது எதை?

“சதுரக்கோடு போட்ட தாள் இருக்கா?” என்று கேட்டாள். “பிள்ளைங்க கணக்குப் போடுறது.”

கொன்ஸ்தாபிள் எங்கிருந்தோ இரண்டு தாள் கொண்டுவந்தான். திரையில் இருந்த ஒவ்வோர் எண்ணும், எட்டுக் கட்டங்களில் எதைக் கறுப்பாக்குவது, எதை வெள்ளையாக விடுவது என்று சொல்லும் கணக்கு. ரணவீர எண்ணை வாசிக்க, ஆறாயி பென்சிலால் கட்டங்களை நிரப்பினாள். ஒரு வரி, அடுத்த வரி, அதற்கடுத்த வரி. முடித்துப் பார்த்தால், பல் உடைந்த சீப்பு ஒன்றைச் சுவரில் சாத்தியது போல் இருந்தது. இன்ஸ்பெக்டர் மூக்கால் சிரித்தார்.

ஆறாயி தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். ஒன்று விட்டு ஒரு வரிதான் பொருந்தியது. நடுவில் வருவது வேறெதையோ சேர்ந்தது போல் இருந்தது.

ரணவீர சட்டென்று, “அகலம்!” என்றார்.

“ஆமா, ரெண்டு எண் சேந்துதான் ஒரு வரி!” என்றாள் அவளும் அதே மூச்சில்.

இரண்டாவது தாளில் மறுபடி தொடங்கினார்கள். இப்போது கட்டங்கள் பக்கவாட்டில் விரிந்தன. ஒரு வளைவு வந்தது. வளைவு உள்ளே சுருண்டது. கீழே வட்டமாகப் போய் மேலே ஏறி, இன்னொரு சுழியாக முடிந்தது. ஆறாயி கடைசிக் கட்டத்தை நிரப்பும் முன்பே, தோளுக்குப் பின்னால் நின்ற கொன்ஸ்தாபிள் வாய்விட்டுக் கத்தினான்.

“மயன்ன! சேர், ஏக மயன்ன நே!”

சிங்கள ‘ம’. அறையில் இருந்த எல்லோரும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். இன்ஸ்பெக்டர் தாளைக் கையில் எடுத்தார். முதலாம் வகுப்பில் சிலேட்டில் எழுதிய எழுத்து, ‘சங்கேத’த்திலிருந்து அவரைப் பார்த்தது.

“இன்னொன்று போடு,” என்றார்.

அடுத்தது சிங்கள ‘ய’. அதற்கடுத்ததும் சிங்களமே. நெடுந்தூரம் தள்ளிப் போய் ஒரு துண்டை எடுத்தபோது, தில்லைநாதன் வாங்கிலிருந்து எழும்பி வந்து, காவல்காரன் தடுக்க மறந்து நிற்க, “அது ‘ழ’னா. எங்கட ‘ழ’னா,” என்றார்.

ஆறாயி பென்சிலை வைத்தாள்.

“இப்ப எழுதிக்கோங்க சேர். இது கொம்பியூட்டருக்கு சிங்களமும் தமிழும் எழுதச் சொல்லிக் குடுக்குற அட்டை. இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்ச மிஷினுக்காக யாரோ இந்த ஊருல உக்காந்து கையால செஞ்சிருக்காங்க. இந்த வட்ட வாய், எழுத்தைப் பெரிசா டீவியில காட்டுறதுக்கு. ஒரு மனுசனை இதுக்காகத்தான் நீங்க உள்ள வச்சிருக்கீங்க. ஒங்க எழுத்துக்கும் எங்க எழுத்துக்குமாக.”

“நங்கி, பார்த்துப் பேசு,” என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் சத்தத்தில் பலம் இல்லை.

“பாத்துத்தான் பேசுறேன். பாக்காமப் பேசினது நான் இல்லை.”

பாலசுந்தரம் அவசரமாக இருமினார். ரணவீர அந்த இடத்திலேயே அறிக்கையை எழுதித் தன் பெயரைப் போட்டார். சோதனையில் உதவியவர் என்று ஆறாயியின் பெயரையும், அவள் சொல்லிக் கேட்டு எழுத்துப் பிழையில்லாமல் எழுதினார்.

அன்றைக்கே விட்டுவிட்டார்கள் என்றால் அது கதை. விடவில்லை. மேலிடத்துக்குக் காகிதம் போய்த் திரும்பி வர வாரங்கள் எடுத்தன. அந்த வாரங்களில் பத்மாவதியும் ஆறாயியும் மாறி மாறிப் பொலிஸ் நிலைய வாசலில் போய் நின்றார்கள். ‘இன்னும் வரவில்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு போவதற்காக மட்டும் இல்லை. தங்களை அவர்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவும்தான். ஒருநாள் தில்லைநாதனை வெளியே விட்டார்கள். பெட்டி அதற்கும் பிறகு, முன்பக்கம் நசுங்கி வந்து சேர்ந்தது. அட்டையைத் தர மறுத்தார்கள். வழக்கே இல்லாத வழக்கில் சான்றுப்பொருள் ஏது என்று ஆறாயி வாசலில் நின்று வாதாடினாள். கடைசியில் இன்ஸ்பெக்டரே பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துவிட்டு, உள்ளே போனார்.

அதை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனாள். பத்மாவதி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், தங்களோடு ஒன்றாக இருத்திச் சாப்பாடு போட்டார். தில்லைநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு அந்தப் பத்திரிகைப் பொட்டலத்தைக் காட்டினார்.

“உதை நான் பின்னேரம் ரயில் பாதை கடந்து போய்க் கடலுக்குள்ளை எறிஞ்சு போட்டு வரப்போறன். என்ரை வீட்டுக்குள்ளை உது இனி வேண்டாம்.”

“எதுக்குங்க எறியணும்?”

“திரும்ப வருவாங்கள், பிள்ளை! உமக்கு விளங்காது. நீர் உள்ளுக்கை இருக்கேல்லை.”

“இருக்கலை. ஆனா வாசல்ல நின்னேன்,” என்றாள் ஆறாயி. “எறிஞ்சா அவங்க சொன்னது சரின்னு ஆயிரும். குத்தம் செஞ்சவங்கதான் கடல்ல எறிவாங்க. ஒங்களுக்கு வேணாம்னா குடுங்க, நான் கொண்டு போறேன்.”

“கொண்டு போம். கொண்டு போய் என்னவும் செய்யும்.”

“ஒருத்தரும் ஒரு இடமும் கொண்டு போக வேண்டாம்,” என்று பத்மாவதி குழம்புச் சட்டியை மேசையில் வைத்தார். வைத்த சத்தத்தில் இருவரும் நிமிர்ந்தார்கள். “அது இந்த வீட்டிலை, முன்னறையிலை, வாறவை போறவைக்குத் தெரியிற இடத்திலை இருக்கும். பிள்ளை, அதைப் பெட்டிக்குள்ளை பூட்டிவிடும். அதிலை எழுதிறது எப்பிடியெண்டு எனக்குச் சொல்லித் தாரும்.”

தில்லைநாதன் மனைவியைப் பார்த்தார். அவர் அதற்கு முன் அந்தக் குரலைக் கேட்டதில்லை. பொட்டலத்தை ஆறாயியின் பக்கம் தள்ளினார்.

அட்டையைப் பேச வைக்கும் புரோகிராம் எங்கும் கிடைக்காததால் ஆறாயி தானே எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைக்கு வருவாள், தப்பும் தவறுமாக எழுத்துகள் தலைகீழாக விழும், பத்மாவதி சிரிப்பார். ஒருநாள் எல்லாம் நேராக நின்றது. கடைக்கும் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பொலிஸோடு மல்லுக்கட்டினவளாம் என்று பார்ப்பதற்காகவே சிலர் நல்ல கொம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த வருடம் மறுபடி வெள்ளவத்தையை வளைத்தார்கள். இந்தமுறை வந்தவர்கள் ராணுவம். தில்லைநாதன் சுவரோரம் ஒதுங்கினார். இளம் சிப்பாய் ஒருவன் கொம்பியூட்டரையும், அதன் வட்ட வாயிலிருந்து டீவிக்குப் போகும் கம்பியையும் பார்த்து, “மேக மொகத்த?” என்றான், இது என்ன என்ற அர்த்தத்தில்.

பத்மாவதி கதிரையை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தடுமாறாமல் கேட்டார்: “உன் பெயர் என்ன? நீங்கள் வரும்போதெல்லாம் எங்கள் பெயரை எழுதிக்கொண்டு போகிறீர்கள். இன்றைக்கு நான் உன்னுடையதை எழுதப் போகிறேன்.”

சிப்பாய் கூட வந்தவர்களைப் பார்த்தான். அவர்களும் அவனைப் பார்த்தார்கள். துப்பாக்கி வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்வது போல், “ஞானரத்ன” என்றான்.

அன்று பிற்பகல் ஆறாயியின் கடையில் தொலைபேசி மணி அடித்தது.

“பிள்ளை, உம்முடைய அட்டை சரியில்லை!” என்றார் பத்மாவதி. “சிங்கள ‘ஞ’ அதிலை இல்லை. அந்தப் பெடியன் பாத்துக்கொண்டு நிக்கிறான், எனக்கு முதலெழுத்தே இல்லாமப் போச்சு. வெக்கமாப் போட்டுது. உதைத் திருத்த ஏலாதோ?”

“ஏலும். சிப்புல இன்னும் இடம் கெடக்கு,” என்றாள் ஆறாயி, மேசையில் கிடந்த வேலையை ஒருபக்கம் தள்ளிக்கொண்டே. “அவங்க திரும்பி வர்றப்ப அந்த எழுத்து இருக்கும். வரட்டும்.”